வெடிச்சத்தம் வீட்டை அதிரவைக்கிறது, வசனம் மட்டும் விழமாட்டேன் என்கிறது

ஓடிடி தளங்களில் வரும் விளம்பரம், தான் குறுக்கிடும் நிகழ்ச்சியைவிடச் சத்தமாக ஒலிக்கக் கூடாது என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2025 அக்டோபரில் சட்டம் இயற்றியது. 2026 ஜூலை 1 முதல் அது அமல். நல்ல செய்திதான். ஆனால் டிவி பார்ப்பவர்களின் புகார் விளம்பரத்தோடு முடிவதில்லை. கதாநாயகன் ஏதோ முணுமுணுக்கிறான், வால்யூமைக் கூட்டுகிறோம். அடுத்த நொடி கார் வெடிக்கிறது, பதறிக் குறைக்கிறோம். மறுபடி முணுமுணுப்பு. இரண்டு மணி நேரப் படத்தில் ரிமோட்டைக் கீழே வைக்க முடிவதில்லை.

"காது மந்தமாகிவிட்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் தலையில் பழியைக் கட்டிவிடுவது சுலபம். ஆனால் இருபது வயதுக்காரர்களும் சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்கிறார்கள். கோளாறு காதில் மட்டும் இல்லை. படப்பிடிப்புத் தளத்திலிருந்து டிவியின் பின்பக்க ஸ்பீக்கர்வரை ஐந்தாறு கைமாற்றங்கள் நடக்கின்றன. ஒவ்வொரு கையும் வசனத்தில் கொஞ்சம் சுரண்டிக்கொண்டுதான் அடுத்த கைக்குத் தள்ளுகிறது.

முதலில் மூன்று சொற்கள்

திரையில் தெரியும் வால்யூம் எண், அது 25 ஆனாலும் 60 ஆனாலும், எதையும் அளப்பதில்லை. உள்ளே வருகிற ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. வசனமும் இசையும் ஒன்றோடொன்று கலந்தபின் பெருக்கினால் இரண்டும் சேர்ந்தே பெருகும். இங்கே பிரச்சினை அளவில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது. இது பிடிபட்டால் மற்றது எளிது.

1. டெசிபல்: ஒலியின் அளவை ஒப்பிடும் அலகு. 10 டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும். 3 டெசிபல் கூடினால் ஆற்றல் இரண்டு மடங்கு, ஆனால் காதுக்குக் "கொஞ்சம் கூடியது போலிருக்கிறதே" என்ற அளவுதான்.

2. உச்சம்: டிஜிட்டல் ஒலியில் எட்டக்கூடிய மேல்வரம்பு 0. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மைனஸ். ஒரு துப்பாக்கிச் சத்தம் ஒரு கணம் -2 வரை போய்த் தொட்டுத் திரும்பும். அந்தக் கணம்தான் உச்சம்.

3. உரப்பு: காது உணரும் சத்தம். பள்ளி இயற்பியலில் படித்த அதே சொல். உச்சம் ஒரு கணத்தின் கதை, உரப்பு முழு நேரத்தின் கணக்கு. இதை அளக்கும் முறையை பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் வகுத்தது. அலகை ஐரோப்பியர் எல்யுஎஃப்எஸ் என்பார்கள், அமெரிக்கர் எல்கேஎஃப்எஸ் என்பார்கள். பெயர்தான் இரண்டு, அளவு ஒன்று. அளவீட்டில் காதின் இயல்புக்கேற்ப அடித்தொனி (பேஸ்) குறைக்கப்பட்டு மேல்தொனி (ட்ரெபிள்) சற்று கூட்டப்படும். பிறகு 400 மில்லி விநாடித் துண்டுகளாக அளந்து, மௌனமான துண்டுகளை ஒதுக்கிவிட்டுச் சராசரி எடுப்பார்கள்.

விளம்பரம் ஏன் கத்துகிறது

பழைய ஒளிபரப்பு விதிகள் உச்சத்தைத்தான் கட்டுப்படுத்தின. விளம்பரக்காரர்களுக்கு அது ஓட்டைச் சுவர். உச்சத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதானே? சன்னமான இடங்களையெல்லாம் தூக்கி உச்சத்துக்கு அருகிலேயே நிறுத்திவிட்டார்கள். கம்ப்ரஷன் என்று ஒலிப்பதிவாளர்கள் சொல்வது இதைத்தான்: ஏற்ற இறக்கத்தை அமுக்கித் தட்டையாக்குவது. நாடகத்தின் உச்சமும் விளம்பரத்தின் உச்சமும் மீட்டரில் ஒன்றேதான். ஆனால் நாடகம் எப்போதாவது உச்சத்தைத் தொடும். விளம்பரம் முப்பது விநாடியும் அங்கேயே குடியிருக்கும்.

உரப்பு அளவீடு வந்தபின் கதை மாறியது. அமெரிக்காவில் 2010 டிசம்பரில் சட்டம் கையெழுத்தாகி, 2012 டிசம்பர் 13 முதல் அமலானது. அங்கே இலக்கு -24 எல்கேஎஃப்எஸ். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010-லேயே -23 என்று வைத்தது. இந்தியாவில் 1994-ம் ஆண்டின் கேபிள் டிவி விதிகளில் 7-வது விதி, விளம்பரத்தின் ஒலி மிகையான சத்தத்துடன் இருக்கக் கூடாது என்கிறது. எதைத் தாண்டினால் மிகை என்பதற்கு அந்த வாசகத்தில் எண் கிடையாது. எண் இல்லாத விதியை எந்த மீட்டரை வைத்து நிரூபிப்பது?

எண் இருக்கும் இடத்திலும் விளம்பரம் கத்துவதாகவே தோன்றுகிறதே, ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேர நாடகத்தின் சராசரி -24. ஆனால் அதில் சண்டைக் காட்சி -18-லும், நள்ளிரவு ரகசியப் பேச்சு -32-லும் இருக்கும். விளம்பரமோ தொடக்கம் முதல் முடிவுவரை -24. இடைவேளை சண்டைக்குப் பிறகு வந்தால் விளம்பரம் சாதுவாகத் தெரியும். ரகசியப் பேச்சு முடிந்த கையோடு வந்தால் 8 டெசிபல் தாவல். காதுக்கு அது ஏறத்தாழ இருமடங்கு. சட்டப்படி எந்தத் தவறும் நடக்கவில்லை! திகில் காட்சியின் நடுவே, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் மௌனத்தில் வெட்டி விளம்பரம் போடுவது தற்செயலும் இல்லை, பார்ப்பவர் எழுந்து போகாமலிருக்க அங்கேதான் வெட்டுவார்கள். ஐரோப்பாவில் இதற்கும் ஒரு கடிவாளம் உண்டு: விளம்பரம் போன்ற குறும் நிகழ்ச்சிகளில் எந்த மூன்று விநாடியும் -18-ஐத் தாண்டக் கூடாது. கத்தலின் உச்சியை அது வெட்டும். மௌனத்திலிருந்து தாவும் தாவலை அது தடுக்காது.

ஓடிடியில் குழப்பம் வேறு வகை. 2012-ல் அமலான அமெரிக்கச் சட்டம் இணையத்தைத் தொடவே இல்லை. கலிஃபோர்னியாவுக்குத் தனிச் சட்டம் தேவைப்பட்டதற்குக் காரணம் அதுதான். ஒரு தளத்தில் படம் ஓரிடத்திலிருந்து வருகிறது, விளம்பரம் வேறொரு சர்வரிலிருந்து வந்து இடையில் செருகப்படுகிறது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துக் கேட்டுச் சரிசெய்தவர் யாருமில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு இலக்கு. நெட்ஃபிளிக்ஸ் கேட்பது வசனத்தை மட்டும் அளந்து -27. யூடியூப்பில் சுமார் -14-ஐ மிஞ்சினால்தான் குறைக்கிறார்கள். படம் பார்த்துவிட்டு அதே வால்யூமில் யூடியூப் திறந்தால் 13 டெசிபல் வரை முகத்தில் அறையும். எந்தக் கருவியும் பழுதில்லை, எல்லாம் விதிப்படி.

தியேட்டருக்குத் தைத்த சட்டை

விளம்பரத்தை விட்டுவிட்டுப் படத்துக்கு வருவோம். வசனம், இசை, ஒலி விளைவு எல்லாவற்றையும் கலக்கும் சினிமா மிக்ஸிங் அரங்கில் ஒலியின் அளவு நிலையானது. ஒவ்வொரு முன் ஸ்பீக்கரும் -20 அளவுள்ள சோதனை ஒலிக்கு 85 டெசிபல் தரும்படி பூட்டிவைத்திருப்பார்கள். அதாவது -20-லிருந்து மேல்வரம்பான 0 வரை மீதமுள்ள 20-ஐயும் சேர்த்தால், ஒரு ஸ்பீக்கரிலிருந்தே 105 டெசிபல்வரை எழும்ப இடமுண்டு. அடித்தொனிக்கென்று இருக்கும் தடத்துக்கு மேலும் 10 டெசிபல் சலுகை. அரங்கம் இருட்டு, சுவரெல்லாம் ஒலி உறிஞ்சும் பொருள், வெளிச்சத்தம் இல்லை. அங்கே கிசுகிசுப்பும் கேட்கும், குண்டு வெடித்தால் நெஞ்சும் அதிரும்.

அதே கலவை வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும்?

வீட்டில் சாதாரண வசனத்தை 60 டெசிபல் அளவில் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் வசனம் -27-ல், வெடிச்சத்தத்தின் உச்சம் -2-ல். இடைவெளி 25. ஆக வெடி 85 டெசிபலைத் தொடும். பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். இன்னொரு முனையில், சாதாரண வசனத்தைவிட 20 டெசிபல் தாழ்ந்த கிசுகிசுப்பு 40-ல் வந்து நிற்கும். ஓடுகிற மின்விசிறி, சமையலறைச் சத்தம், தெருச் சத்தம் எல்லாம் சேர்ந்த அறையின் இரைச்சலே 40 இருக்கும். கிசுகிசுப்பு அதில் கரைந்துபோகும். வால்யூமைக் கூட்டினால் கிசுகிசுப்பு மேலே வரும், கூடவே வெடியும் 95-க்குப் போகும். ரிமோட்டோடு நடக்கும் அந்த மல்யுத்தத்தின் முழுக் கணக்கு இவ்வளவுதான்.

வீட்டுக்கென்று தனியாக ஒரு கலவை செய்ய முடியும்; பலர் செய்யவும் செய்கிறார்கள். ஆனால் அதற்கும் ஸ்டுடியோ வாடகை, ஆள், நாள் வேண்டும். பட்ஜெட்டில் முதலில் கத்தரி விழும் இடங்களில் அதுவும் ஒன்று. செய்தாலும், நல்ல ஸ்டுடியோ ஸ்பீக்கரில், நூறு முறை கேட்டு வசனத்தை மனப்பாடமாக அறிந்தவர்கள் செய்கிறார்கள். வசனம் தெரிந்தவருக்கு அது எப்போதும் கேட்கும். இந்தக் கோளாறுக்கு எந்த மீட்டரும் இல்லை.

ஆறு தடம், இரண்டு ஸ்பீக்கர்

5.1 என்றால் ஆறு தனித்தனி ஒலித்தடங்கள்: முன்னால் இடது, வலது, நடு, பின்னால் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று. வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில் தனியாகக் குடியிருக்கும். இசையும் இரைச்சலும் பக்கங்களிலிருந்து வரும். திசை வேறு என்பதாலேயே காது அவற்றைப் பிரித்தெடுத்துவிடும். கல்யாணக் கூட்டத்தில் எதிரில் நிற்பவர் பேசுவது மட்டும் புரிகிறதே, அந்தத் திறமைதான்.

டிவிக்கு இருப்பது இரண்டே ஸ்பீக்கர். ஆறையும் இரண்டில் அடைப்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: இடது ஸ்பீக்கருக்கு இடத்தடம் முழுதாக, நடுத்தடம் 3 டெசிபல் குறைத்து, பின் இடத்தடம் 3 டெசிபல் குறைத்து. வலப்பக்கமும் அப்படியே. அடித்தொனித் தடம் பெரும்பாலும் கைவிடப்படும். "இதில்தான் வசனம் 3 டெசிபல் போய்விடுகிறது" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது அரைகுறைக் கணக்கு. குறைத்த நடுத்தடம் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலிப்பதால் மொத்த ஆற்றல் ஏறக்குறைய பழையபடிதான். போவது அளவு அல்ல, திசை. எல்லாம் ஒரே இடத்திலிருந்து குவியலாக வருவதால், காதிடமிருந்த பிரித்தறியும் வசதி பறிபோகிறது. பின் தடத்து மழையும் கூட்டத்தின் கூச்சலும் இப்போது வசனத்தின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கின்றன.

டால்பி டிஜிட்டல் என்ற ஒலிமுறையில் வரும் கோப்பில் நடுத்தடத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தே வரும்: 3, 4.5 அல்லது 6 டெசிபல். 6 என்று இருந்தால் வசனம் உண்மையிலேயே தாழ்ந்துவிடும்.

இதைவிட மோசமான கோளாறு ஒன்று உண்டு, கண்டுபிடிப்பது சுலபம். இசை கணீரென்று ஒலிக்கும், பேசுகிறவர்கள் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும், எதிரொலி மட்டும் வரும். அப்படியானால் நடுத்தடம் எங்கேயோ தொலைந்துவிட்டது. இல்லாத நடு ஸ்பீக்கர் இருப்பதாக ஹோம் தியேட்டர் மெனுவில் பதிந்திருக்கும், அல்லது நடு ஸ்பீக்கரின் வயர் கழன்றிருக்கும். மெனுவில் "சென்டர் ஸ்பீக்கர்: இல்லை" என்று மாற்றினால் வசனம் பக்க ஸ்பீக்கர்களுக்குத் திரும்பி வந்துவிடும்.

உயிர் சத்தம் தரும், மெய் பொருள் தரும்

"கட்டு", "தட்டு", "பட்டு" மூன்றையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். வேறுபாடு முதல் எழுத்தின் சின்ன வெடிப்பில் மட்டும் இருக்கிறது. சில பத்து மில்லி விநாடிகள்தான், ஆற்றலும் மிகக் குறைவு. பேச்சின் சத்தத்தில் பெரும்பங்கு உயிரொலிகளில், பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. சொல்லைச் சொல்லாக்குவது மெய்யொலிகள். அவற்றின் அடையாளம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. "கலை", "களை", "கழை" மூன்றையும் பிரித்துக் காட்டுவது 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான நுட்பமான இடமாற்றங்கள். "சத்தம் கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்று சொல்பவர் மிகத் துல்லியமாகத்தான் சொல்கிறார்: உயிர் வருகிறது, மெய் வரவில்லை.

மெய்யை முதலில் கொல்வது டிவியின் வடிவம். திரை மெலிய மெலிய ஸ்பீக்கருக்கு முன்பக்கம் இடமில்லாமல் போய், அது தரையையோ சுவரையோ பார்த்து ஒலிக்கிறது. அடித்தொனி எந்த மூலையையும் வளைந்து வந்துவிடும். மேல்தொனி நேர்க்கோட்டுக்காரன், சுவரில் மோதிச் சிதறித்தான் வரும். அத்தனை சின்ன ஸ்பீக்கரால் ஆழ்ந்த அடித்தொனி தர முடியாது என்பதால், பல மாடல்களில் அதற்குச் சற்று மேலேயுள்ள தொனியைத் தூக்கிவிட்டு "கனமான" ஒலி என்கிறார்கள். தாழ்ந்த தொனி தனக்கு மேலே உள்ள தொனியை மூடிமறைக்கும் என்பது காதின் இயல்பு. ஆக அந்தக் கனம் மெய்யெழுத்தின் மேல்தான் ஏறி உட்காருகிறது. வயதானால் முதலில் மங்குவதும் மேல்தொனிக் கேள்விதான். இளையவருக்கு எரிச்சலாக இருப்பது பெரியவருக்கு முழு இருட்டாகிவிடுகிறது.

பதிவிலேயே சொதப்பினால்

சில நேரம் வசனம் பிறக்கும்போதே நோஞ்சான். தூரம் இரண்டு மடங்கானால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும். ஒரே நேரத்தில் ஒரு கேமரா அகலமாகவும் இன்னொன்று நெருக்கமாகவும் பிடித்தால், அகலச் சட்டகத்தில் மைக் தெரியக் கூடாது என்பதற்காக நீள்கோல் மைக்கை மேலே தூக்கிவிடுவார்கள். நெருக்கக் காட்சிக்கும் அந்தத் தூரத்து ஒலிதான் கிடைக்கும். சட்டைக்குள் ஒளித்த மைக்கில் துணி உரசும், மேல்தொனி மழுங்கும். இதன்மேல் "இயல்பான நடிப்பு" என்ற பெயரில் முணுமுணுப்பு. பிபிசி 2014-ல் ஒளிபரப்பிய ஒரு மூன்று பகுதி நாடகத்துக்கு, பேசுவது புரியவில்லை என்று 2,000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன.

டப்பிங் அறையில் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் வைத்துப் பதிந்த வசனம் இவற்றிலெல்லாம் தப்பிவிடும். மொழிமாற்றுப் படங்களில் உதடு ஒட்டாவிட்டாலும் சொல் தெளிவாகக் கேட்பது இதனால்தான். மூலத்தை மதிக்கும் ரசிகர்களுக்கு இது கசக்கும். என்ன செய்வது, காது ரசனை பார்ப்பதில்லை.

வீட்டில் செய்யக்கூடியது

வரிசைப்படி ஒவ்வொன்றாக மாற்றி, ஒரே காட்சியை ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்தபின் அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

1. ஒலித்தடம். டிவி ஸ்பீக்கரில்தான் கேட்கிறீர்கள் என்றால், படம் ஓடும்போது ஒலி–சப்டைட்டில் பட்டியலைத் திறந்து, மொழிக்குப் பக்கத்தில் "5.1" என்றிருந்தால் அதே மொழியின் சாதாரண ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். ஆறை இரண்டாக்கும் வேலையை டிவி அவசரத்தில் செய்வதைவிட, முன்கூட்டியே இரண்டாக்கி வைத்த தடம் பெரும்பாலும் தெளிவு. காசில்லாத வைத்தியம், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

2. ஒலி முறை. "சினிமா", "மூவி", "சரவுண்ட்" என்ற பெயர்களில் மயங்க வேண்டாம். இரண்டு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து ஒலி வருவதாகப் போக்குக் காட்டும் வித்தை அது. ஒலியைச் சற்றுத் தாமதித்து, திருப்பிப் போட்டுக் கலக்கும்போது வசனத்தின் முனை மழுங்கும். "ஸ்டாண்டர்ட்" போதும். "கிளியர் வாய்ஸ்", "ஸ்பீச்", "நியூஸ்" போன்று ஏதாவது இருந்தால் அதையும் முயன்று பாருங்கள்.

3. இரவு முறை, அல்லது தானியங்கி வால்யூம். உரத்ததை அமுக்கி, சன்னத்தைத் தூக்கும். 25 டெசிபல் இடைவெளி பாதிக்கு வந்தாலே ரிமோட்டுக்கு ஓய்வு. குறை என்னவென்றால், தரம் குறைந்த கருவிகளில் ஒவ்வொரு கதவு அறையும் சத்தத்துக்கும் ஒலி முழுவதும் ஒரு கணம் அமுங்கி மெல்ல எழும், மூச்சு வாங்குவது போல. அது தொந்தரவாக இருந்தால் மட்டும் அணைத்துவிடலாம்.

4. ஈக்வலைசர், அதாவது ஒவ்வொரு தொனியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. 100–200 ஹெர்ட்ஸை 3 டெசிபல் குறைத்து, 2,000–4,000 ஹெர்ட்ஸை 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் "ச", "ஸ" எல்லாம் ஊசியாகக் குத்தும். குறைப்பதை முதலில் செய்யுங்கள். பாதி நேரம் அதுவே போதும்.

5. இரண்டு வால்யூம். செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று என்று இருந்தால், பாக்ஸில் முழு அளவு வைத்து டிவியில் மட்டும் குறைக்கவோ கூட்டவோ வேண்டும். பாக்ஸில் பாதி வைத்து டிவியில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

6. சவுண்ட்பார் இருந்தால் டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ ஆர்க் அல்லது இ-ஆர்க் துளையில் இணைத்து, டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீட்டை "ஆட்டோ" அல்லது "பாஸ் த்ரூ" என்று வையுங்கள். அப்போதுதான் நடுத்தடம் தனியாக பாருக்குப் போய்ச் சேரும். "பிசிஎம்" என்று வைத்தால் பல டிவிகள் முன்னதாகவே இரண்டாகக் கலந்து அனுப்பிவிடும். எத்தனை வசதியுள்ள பாரும் அந்தக் கலவையைத்தான் வாசிக்கும். நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள 3.1 வகை பார், நடு இல்லாத 2.1-ஐவிட வசனத்துக்கு நல்லது. நடுத்தடத்தை மட்டும் 3 டெசிபல் கூட்டும் வசதி மெனுவில் இருந்தால், இந்தக் கட்டுரை முழுதும் பேசும் விகிதத்தைத் தொட உங்களுக்குக் கிடைத்த நேரடியான திருகு அதுதான். பாரை அலமாரிக்குள் உள்ளே தள்ளி வைக்காதீர்கள். மேஜையின் முன்விளிம்பில் இருக்கட்டும்.

7. உதடும் ஒலியும். கேட்பதில் ஒரு பகுதியை நாம் உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறோம். ஒலி 40 மில்லி விநாடிக்கு மேல் முந்தவோ, 60-க்கு மேல் பிந்தவோ கூடாது என்பது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ப்ளூடூத் ஸ்பீக்கரில் 100 முதல் 200 மில்லி விநாடித் தாமதம் சாதாரணம். செய்தி வாசிப்பவரின் முகத்தை வைத்து, டிவி மெனுவில் ஒலித் தாமத அளவை மாற்றி ஒட்டவையுங்கள். தாமதத்தைக் குறைக்க முடியாத ப்ளூடூத் கருவி என்றால், வயரில் இணைப்பதுதான் வழி.

வசனத்தை மட்டும் தூக்கும் மென்பொருளும் வந்துவிட்டது. அமேசான் பிரைம் வீடியோ 2023-ல் "டயலாக் பூஸ்ட்" என்று ஒன்றை, சில படங்களுக்கு மட்டும், கொண்டுவந்தது. ஆப்பிள் டிவி பெட்டியில் வசனத்தைத் தூக்கவும், பெருஞ்சத்தத்தைக் குறைக்கவும் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கின்றன. கலந்துவிட்ட பாலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் அன்னப்பறவை வேலை இது. நன்றாகவே செய்கின்றன, ஆனால் கூச்சல் மிகுந்த காட்சியில் குரல் சற்று உலோகத்தனமாகிவிடும்.

கலக்காமலே அனுப்பினால் என்ன?

பிரிக்கப் பாடுபடுவதற்குப் பதில் பிரித்தே அனுப்பலாம். இது கற்பனை இல்லை. 2011 விம்பிள்டன் போட்டியின்போது பிபிசியும் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் ஒரு வானொலிச் சோதனை நடத்தின. வர்ணனை எவ்வளவு, மைதானச் சத்தம் எவ்வளவு என்பதைக் கேட்பவரே நகர்த்திக்கொள்ளலாம். தென்கொரியாவில் 2017 முதல் தரைவழி அல்ட்ரா எச்டி ஒளிபரப்பில் பயன்படும் எம்பெக்-எச் ஒலிமுறைக்கு, பேச்சைக் கலக்காமல் தனியாக அனுப்பி, ரிமோட்டில் அதை மட்டும் கூட்டிக் குறைக்கும் திறன் உண்டு. டால்பியின் ஏசி-4 முறையிலும் அதே வசதி இருக்கிறது. ஜெர்மனியின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏஆர்டி, பின்னணி குறைக்கப்பட்ட "தெளிவான பேச்சு" என்று ஒரு தனித்தடத்தையே தன் தளத்தில் தருகிறது. தொழில்நுட்பம் தயார், பல டிவிகளுக்குள்ளும் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அனுப்புகிறவர்கள்தான் அனுப்புவதில்லை.

"கலவை என்பது இயக்குநரின் கலை, அதில் பார்வையாளர் கைவைக்கக் கூடாது" என்ற வாதத்தை வைக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கலையை மொபைல் ஸ்பீக்கரில், ரயிலில், ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்க எப்படி அனுமதித்தார்கள் என்று தெரியவில்லை. இன்னொன்று, பிரிப்பதற்கென்று புதிதாக எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை. பெரிய படம், தொடர் எதுவானாலும் இறுதிக் கலவையோடு வசனம், இசை, ஒலி விளைவு மூன்றும் தனித்தனிக் கோப்புகளாக ஒப்படைக்கப்படுகின்றன. வேற்று மொழிக்கு டப்பிங் செய்கிறவர்களுக்கு வசனம் நீங்கிய தடம் வேண்டுமே, அதற்காக. வசனம் மட்டும் உள்ள அந்தக் கோப்பு, வெளியான நாளிலிருந்து நிறுவனத்தின் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது.